இருபத்தைந்து இம்புல்ஸ்

வூச் நகரத்தில் தொலைபேசி அட்டையின்
அலகுக்கு இம்புல்ஸ் என்று பெயர்.
இருபத்தைந்து, ஐம்பது, நூறு.
ஹால்ஷ்கா வாங்கியது இருபத்தைந்து.

பகலெல்லாம் அவளுக்கு வேலையும் அதுவேதான்.
மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
மணிக்கட்டில் சின்ன மின்சாரம் சுண்டி
கட்டைவிரல் எப்போது துடிக்கிறதென்று திரையில் பார்ப்பாள்.
விநாடிக்கு ஐம்பது மீட்டர் ஓடினால் நல்ல நரம்பு.
குறைந்தால் அவள் சொல்லமாட்டாள்;
அதைச் சொல்வது மருத்துவர்.
ஓடுகிறதே, அதற்கும் அங்கே இம்புல்ஸ்தான்.

இன்று காலை செசாரி, டிராம் ஓட்டுநர்,
வலதுகை மரத்துப்போனவர்,
ஒட்டிய கம்பிகளோடு சொல்லிக்கொண்டிருந்தார்:
"நிறுத்தவேண்டிய வேகம் ஒன்றுதான் அம்மா.
அரைத்தெரு தூரம் பிரேக்கை இழுத்தால்
யாரும் செய்தித்தாளிலிருந்து தலை தூக்குவதில்லை.
ஒரே மிதியாய் மிதித்தால்
பல் கொட்டும்."
பள்ளியில் அதைக் கணத்தாக்கு என்று படித்தோம் நாம்;
விசையைக் காலத்தால் பெருக்கி
மூன்று மதிப்பெண்.
அவர்களுக்கு அதுவும் இம்புல்ஸ்.

நான்காவதுக்கு வருகிறேன்.

நேற்று முன்னிரவு, பனி.
பத்தாம் எண் நிறுத்தத்தில் யாரோ ஒருத்தி
வெறும் ஸ்வெட்டரோடு நின்றாள்.
ஹால்ஷ்காவின் கையில் அம்மாவின் நரித்தோல் கோட்டு,
விற்கக் கொண்டுபோனது;
கல்லறைக்குக் கல் வைக்க என்று
அக்காவும் தங்கையும் பேசி முடித்த கோட்டு.
டிராம் கதவு மூடுமுன்
அது அந்தப் பெண்ணின் தோளில் கிடந்தது.
ஏன் என்று கேட்டால்
கை கொடுத்தது, அவ்வளவுதான்.
உந்துதல் என்பேனா, தூண்டல் என்பேனா,
மனசு முந்திக்கொண்டது என்பேனா?
எழுதி எழுதி அடித்துவிட்டேன்.

இப்போது கூண்டுக்குள் நிற்கிறாள்.
ஷ்செச்சினில் அக்கா ஒத்திலியா எடுக்கிறாள்.
இருபத்துநான்கு.
அங்கேயும் பனியா?
இருபது.
உருளைக்கிழங்கு விலை, பூனையின் காதுப் புண்,
பதினொன்று,
மாமாவின் இரண்டாம் கல்யாணம்,
ஏழு.
அரைத்தெரு தூரம் இழுத்துப் பிடித்த பிரேக்.

மூன்றில் சொல்லிவிட்டாள்.

இரண்டு முழுவதும்
ஒத்திலியா மூச்சு விடுவது கேட்டது.
ஒன்றில்,
"அவளுக்கு அளவு சரியா இருந்துச்சா?"

"தோள் கொஞ்சம்" என்று ஹால்ஷ்கா
தொடங்குவதற்குள்
அட்டையை வெளியே துப்பியது பெட்டி.

ரிசீவரை வைக்காமல் நின்றாள்.
கண்ணாடியில் யாரோ
சாவியால் தட்டினார்கள்.