சேற்றில் ஒரு வடக்கு

திருப்பாலைக்குடி முகத்துவாரத்தில்
முழங்கால்வரை இறங்கி
ஊறுகாய் பாட்டிலில் அள்ளிய சேறு.
அழுகிய முட்டை வாடை.
மூடியைத் திருகாமல்
இரண்டு வாரம் இருட்டில் வைத்தேன்.

காந்தம் கேட்டுப் போனபோது
படகு எஞ்சின் பார்க்கும் சீனி இபுராம்சா
செத்த ஸ்பீக்கர் ஒன்றைப் பிளந்து
வட்டத்தைக் கையில் வைத்தார்.
“என்னத்தப் புடிக்கப் போறீய?”
சேத்துல நீந்துறத.
“கொடுவாக் குஞ்சா?”
அதைவிடச் சின்னது.
“எறாக் குஞ்சு?”
இறங்கிக்கொண்டே போனார்.
கண்ணுக்கே தெரியாது என்றதும் சிரித்தார்,
காசு வாங்கவில்லை.

லென்சுக்குக் கீழே ஒரு சொட்டு.
காந்தம் கிட்டே வந்ததும்
பாதி இந்தக் கரையில் குவிந்தன,
பாதி அந்தக் கரையில்.
காந்தத்தைத் திருப்பினால் இடம் மாறின.
செத்ததும் திரும்பும்,
நீந்தாது, அவ்வளவுதான்.

உடலுக்குள் இருபது இரும்புமணி, ஒரே சரம்.
மணிக்கு ஐம்பது நானோமீட்டர்.
ரொம்பச் சிறுத்தால் காந்தம் தங்காது,
ரொம்பப் பெருத்தால் தனக்குள்ளேயே கட்சி பிரியும்.
இந்த அளவைத் தொட எங்களுக்கு
உலை வேண்டும், ஆர்கான் வாயு வேண்டும்,
மூன்று வருட மானியம் வேண்டும்.
இதற்குச் சேறு போதும்.

நம்புசெல்வி ஒலியால் அவற்றை உடைக்கிறாள்.
அவளுக்கு மணிகள் மட்டும் வேண்டும்,
மருந்தைக் கட்டிக் கட்டிக்கு அனுப்ப.
உடைத்த பிறகும் ஒவ்வொரு மணிமேலும்
மெல்லிய தோல்.
சோப்பு ஊற்றி அதையும் உரித்துப் பார்த்தாள்.
மணிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு
குழாயடியில் கரியாய் விழுந்தன.
“தோலோட இருக்கட்டும்”
நோட்டில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

எனக்கு விளங்காதது வேறு.
வடக்கே தூரத்து ஊர்களில்
பூமியின் காந்தக் கோடு தரையைக் குத்தி இறங்கும்.
அங்கே இதற்கு வடக்கென்றால் கீழே,
கீழே என்றால் சேறு,
காற்று குறைந்த வீடு.
நம் கரையில் அந்தக் கோடு
கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது.
இங்கே இந்த ஊசி
வீட்டைக் காட்டாது.
பிறகு எதற்கு
இரும்பை உறிஞ்சி, மணி மணியாய் உருட்டி,
பிளக்கும் நாளில் சரத்தையும் நடுவில் ஒடித்து
ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு

இபுராம்சா ஒருநாள் பார்க்க வந்தார்.
ஒற்றைக் கண்ணை மூடி வெகுநேரம்.
காந்தத்தைத் தானே திருப்பினார்,
மறுபடி திருப்பினார்.
“ரெண்டு கூட்டமால்ல போகுது.
எது சரியாப் போகுது?”
தெரியலை அண்ணே.
கையைத் துடைத்துக்கொண்டு
ஜிபிஎஸ் பெட்டி ஒன்று ரிப்பேருக்கு வந்திருக்கிறது,
எல்லைக் கோட்டைத் தள்ளிக் காட்டுதாம்,
என்று கிளம்பிவிட்டார்.

மிச்சச் சேற்றைத்
தொட்டியில் கொட்ட மனசில்லை.
சாயந்தரம் முகத்துவாரத்துக்கே எடுத்துப் போனேன்.
வத்தம். தண்ணீர் அசையவே இல்லை.
மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு
எந்தப் பக்கம் ஊற்றுவது என்று
கொஞ்ச நேரம் நின்றேன்.