ஓர் உறையில் இரண்டு

பியேல் நகரில் எந்தத் தெருவுக்கும்
இரண்டு பெயர்.
மேலே ஜெர்மன், கீழே பிரெஞ்சு.
கணினிக் கடையிலும் அப்படித்தான்,
ஒரே மேசைக்குப் பின்னால் இரண்டு பேர்.

ரெத்தோ ஜெர்மனில் சொன்னான்:
ஒற்றைக் கோர் வாங்கு. வேகம் கூட, விலை குறைவு.
எந்த கேமும் ஒன்றைத்தான் தின்னும்.
ஜில் பிரெஞ்சில் சொன்னான்:
இரட்டையே எடு.
அடுத்த வருஷ கேம்கள் இரண்டையும் கேட்கும்.
அடுத்த வருஷத்தைக் கிடங்கில்
அடுக்கி வைத்திருப்பவன் போலச் சொன்னான்.

வித்தியாசம் நூற்றுப் பத்து பிராங்க்.
ஆஸ்பத்திரிக் குசினியில் அதற்கு
ஐந்தரை மணிநேரம் தட்டுக் கழுவ வேண்டும்.

ஓர் உறையில் இரண்டு வாள் இருக்காதென்று
படித்தவன் நான்.
வீட்டில் பெட்டியைப் பிரித்தேன்.
தீப்பெட்டியளவுகூட இல்லாத தகடு,
உள்ளே இரண்டு வாள்,
சத்தமில்லை.

ஞாயிறு மத்தியானம் கேமைப் போட்டேன்.
அதே பாலம், அதே பனி,
எழுபதாவது தடவையாக அதே எதிரி.
பழைய பெட்டியில் முப்பதைத் தாண்டாத பிரேம்
இப்போது முப்பத்து நான்கு.
நூற்றுப் பத்து பிராங்குக்கு நான்கு பிரேம்!
டாஸ்க் மேனேஜரைத் திறந்தால்
ஒரு கட்டத்தில் கோடு மலையேறுகிறது,
மற்றதில் பியேல் ஏரி, காற்றே இல்லாத காலை.
ஒருவன் மூட்டை சுமக்க
ஒருவன் பக்கத்தில் பீடி பற்றவைக்கிறான்.

மூன்று மணிக்கு ஸ்கைப் அடித்தது.
சுகிர்தா. விசாவுக்குக் காத்திருப்பவள்.
வளசரவாக்கம் நெட் கபேயில்
அரைமணிக்குப் பதினைந்து ரூபாய்.

முந்தியென்றால் கேமை மூடத்தான் வேண்டும்,
இல்லாவிட்டால் அவள் குரல்
தண்ணீருக்குள் போய்விடும்.
இன்று மூடவில்லை.
ஏரியில் சிற்றலை எழுந்தது.
பிரேம் ஒன்றுகூடக் குறையவில்லை,
அவளுக்குப் பக்கத்துத் தடுப்பில்
யாரோ இருமுவதுவரை தெளிவு.
சுட்டேன், ம் என்றேன்,
சுட்டேன், ம்.
ஜில், நீ வென்றாயடா என்று நினைத்த இடத்தில்
பாலத்தின் கடைசித் தூணருகே செத்தேன்.

"என்னப்பா, கேட்டதுக்கு
என்ன சொல்லுறீங்கள்?"

மண்டைக்குள் தேடினேன்.
அங்கே ஒற்றைக் கோர்,
அதிலும் பனி, பாலம், எதிரி.
பதினைந்து ரூபாய் கரைந்துகொண்டிருந்தது.

ஓம், என்றேன்.

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.
பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு,
"சரி, அப்ப நாளைக்கே சொல்லிப்போடுறன்"
என்றாள்.

யாரிடம்,
எதை.