பிடிபடாதது

திங்கள் இரவு, ஆள்கள் போன பிறகு
சுவர் மொட்டையாக நிற்கிறது.
ஒரு காலத்தில் நூற்பாலை இது,
மாரிபோரில், திராவா ஆற்றுக்கு இக்கரையில்.
பதினான்கு மீட்டர் உயரத்துக்கு ஒட்டுப்பலகை,
நெடுகத் துளைகள்.
ஒவ்வொன்றும் யாரோ கைவைக்கப்போகும் இடம்
அல்லது வைக்க முடியாமல் போகும் இடம்.

தரையில் பெட்டிகள்.
கழுவிக் காய்ந்த பிடிகளில் இன்னும் அமில நெடி.

நான் கண்ணால் தேர்ந்தெடுப்பவன் அல்ல.
பச்சையும் சிவப்பும் எனக்கு
ஒரே காய்ந்த புல்.
இதைச் சொல்லாமலே வேலைக்குச் சேர்ந்தேன்.
யேர்ட்சா மூன்றாம் வாரமே கண்டுபிடித்துவிட்டாள்.
எதுவும் கேட்கவில்லை.
மறுநாள் பெட்டிகளின் விளிம்பில் அரத்தால் கீறியிருந்தாள்:
பச்சைக்கு ஒரு வெட்டு, சிவப்புக்கு இரண்டு.

கை மட்டும் உள்ளே போகட்டும்.
இது கட்டைவிரலையும் சேர்த்துக் கேட்கிறது.
இது வெறும் விளிம்பு, நகத்தின் அகலம்;
விரல்நுனிகள் இதை வெறுக்கும்,
பனி விழும் நாளில் கொஞ்சம் குறைவாக.
இது உருண்டைத் தொப்பை,
பிடி கொடுக்காமல் பேசும் ஆள் மாதிரி;
உள்ளங்கை முழுதும் வைத்து
நம்புவதுபோல் நடித்தால்தான் தாங்கும்.
இது காலுக்கு, பாதாம்பருப்பில் பாதி.
ஏறுகிறவர் கண்ணுக்குக் கடைசியில்தான் தென்படும்,
கால் நடுங்கத் தொடங்கிய பிறகு.

முதல் நான்கும் இரக்கமானவையாக இருக்கட்டும்.
அலுவலகத்தை முதுகில் சுமந்தபடிதான் வருகிறார்கள்.
ஐந்தில் ஒரு சின்னக் கேள்வி.
எட்டில் கொஞ்சம் அநியாயம்.

பிப்ரவரியில்
ஒரு வெட்டுப் பெட்டிக்குள் யாரோ மாற்றிப் போட்டிருந்தார்கள்.
எடுத்தது நான்.
ஒன்பதாவது இடத்தில் மனிதருக்கு ஓய்வு வேண்டும் என்று
பெட்டியைத் துழாவி, இருப்பதிலேயே நல்லதாக,
கை நிறையும் ஒன்றை.
முறுக்கினேன், ஏணியிலிருந்து இறங்கினேன்,
வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.
ஏறிப் பார்த்துச் சரிசொல்கிற யேர்ட்சாவுக்கு
அந்த வாரம் காய்ச்சல்.

பச்சைப் பாதையில் பச்சையை மட்டுமே தொடலாம்.
இந்தக் கூரையின் கீழ் அதுதான் சட்டம்.
எட்டிலிருந்து பத்துக்குத் தாவினார்கள்.
விழுந்தார்கள்.
கயிற்றில் தொங்கியபடி என்னைத் திட்டினார்கள்,
மறுபடி தாவினார்கள்.
பல் மருத்துவர் புகோவெட்ஸ்
பதினோரு முறை விழுந்து பன்னிரண்டில் பிடித்தார்.
இறங்கி வந்து என் தோளைக் குலுக்கினார்:
"அந்தச் சிவப்பை மூக்குக்கு நேரே வைத்தாயே,
என்ன குறும்பு, என்ன குறும்பு!"

எந்தச் சிவப்பு என்று கேட்க வாயெடுத்தேன்.
நன்றி என்றேன்.

மேதை என்று எனக்குப் பெயர் வந்தது இப்படித்தான்.

எட்டு வாரம் அது அங்கேயே இருந்தது.
முழங்கை எரிய, மூச்சு முட்ட,
ஒரு சாண் தள்ளி எத்தனையோ கைகள்
அதைக் கடந்து போயின.
மின்பணியாளர் நிவெஸ் மட்டும் ஒருநாள்
அதன்மேல் நெற்றியைச் சாய்த்து இளைப்பாறினாள்.
நெற்றி கணக்கில் வராது என்று வாதாடினாள்.
ரொம்ப நேரம் பேசி, ஒப்புக்கொண்டோம்.

ஏப்ரலில் கழற்றினேன்.
மற்றவை எல்லாம் காலணி ரப்பரால் கறுத்து,
மெக்னீசியத் தூளும் யார் யாருடைய தோலும் அப்பி,
ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இல்லாமல்.
ஒன்பதாவது மட்டும் நான் வைத்தபோது இருந்த மாதிரி.
எனக்கே தெரிந்தது எது என்று.

"அது சிவப்பு" என்றாள் யேர்ட்சா,
ஏணியைப் பிடித்தபடி, கீழிருந்து.
"தெரியும்."
"எப்போதிலிருந்து?"

கீழே கொடுப்பதற்கு முன் ஒருமுறை விரல்களை நுழைத்தேன்.
நல்ல பிடிதான்.
நான்கும் போனபின்
இன்னும் இடம் இருந்தது.
"கழுவ வேண்டாம்" என்றேன்,
"இரண்டு வெட்டில் போடு."