எட்டு

"தொழில்?" என்றார்
பாரம் எழுதிக் கொடுப்பவர்.
புளியமரத்தடியில் மடக்கு மேசை, பசை டப்பா,
ஆனிக் காற்றில் தாள்கள் பறக்காதிருக்க
மேலே ஒரு பழைய பிஸ்டன்.
"ரேஸ்" என்றேன்.
"கோழியா, மாடா?"
நிமிராமலே 'சுயதொழில்' என்று எழுதினார்.

ஏழு சீசன் இருநூறுக்கு மேல் ஓட்டியவனின்
சாலை லைசென்ஸ் செத்து
ஒன்றரை வருடமாகிறது.
டிராக்கில் அதை யாரும் கேட்பதில்லை.
அங்கே கேட்பது எடை,
நேற்றைய டைம், இன்றைய டைம்,
பிறகு ஒரு நாள்
வயது.
இருபத்தொன்பது என்றேன் மார்ச்சில்.
மானேஜர் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.
"டைம் கெட்டுப் போகலே சொரிமுத்து,
ரெண்டு வருஷமா ஒரே இடத்துல நிக்குது."
என் அறுபத்தொன்றாம் நம்பரை
கோயம்புத்தூர்ப் பையன் நிதர்ஷனுக்கு ஒட்டினார்கள்.
அவனுக்குப் பதினேழு.

ஓசூரில் டெஸ்ட் ரைடர் வேலை இருக்கிறது என்றார்கள்,
இல்லை என்றார்கள்.
வண்ணாரப்பேட்டை ஷோரூம் மட்டும்
ஒரே பேச்சாக நின்றது:
லைசென்ஸ் இருந்தால் திங்கட்கிழமை சேரலாம்.

கவுண்டரில் தாளைத் திருப்பித் தந்தார்கள்.
"பாரம் சரியில்ல."
மானேஜர் சொன்னதும் இதுதான்,
உச்சரிப்புதான் வேறு.

அது எங்கிருந்து வருகிறது என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.
ஒரு சனிக்கிழமை காலை
மூன்றாவது வளைவில் தரையை உரசும் முட்டிக்குக்
கண் முளைத்திருக்கும்.
அடுத்த மாதம் அதே வண்டி, அதே டயர்,
அதே ரெண்டு இட்லி.
முட்டி குருடு.
சாய்ந்த பிறகுதான் தெரியும்.

டோக்கன் நாற்பத்தொன்று, ஒரு டீச்சர்.
ஸ்கூட்டரில் முதுகு வளையாமல்
கையெழுத்துப் போடுவதுபோல் எட்டுப் போட்டு
சேலையைச் சரிசெய்துகொண்டார்.
நாற்பத்திரண்டு,
மேலப்பாளையம் பீடிக் கம்பெனி கணக்கர் ஜெய்லானி.
வியர்வை சொட்டச் சொட்ட, உதடு கடித்து,
கால் ஊன்றாமல் முடித்துவிட்டார்.
கைதட்டினோம்.

நாற்பத்துமூன்று.
அக்கா மகனின் நூற்றிருபத்தைந்து.
முதல் வட்டத்தில்
இடுப்பு தன்னிஷ்டத்துக்கு இருக்கையைவிட்டு இறங்கியது.
முட்டி வெளியே போனது.
அந்தச் சாய்வைத் தாங்கிப் பிடிக்க
நடைவேகத்தில் ஒன்றுமே இல்லை.
வண்டி ஒரு கணம் யோசித்தது.
இடது காலை ஊன்றினேன்.

"வே! என்ன ஓட்டுதீரு?
ஏழு நாள் கழிச்சு வாரும்.
யார்ட்டயாவது நல்லாப் பழகிட்டு வாரும்."
ஜெய்லானி வந்து தோளைத் தொட்டார்.
"பதறக்கூடாது தம்பி. எனக்கும் இது மூணாவது தடவை."

சாயங்காலம் மெக்கானிக் எபநேசர் கூப்பிட்டான்.
நிதர்ஷன் பதினொன்று, பதினாலு, அப்புறம்
சரளைக்குள்.
"மூணாவது வளைவுல பிரேக்கை எங்க விடுவே?"
"கம்ப்யூட்டர்ல இருக்குமே."
"இருக்கு. அவனுக்கு வரல்ல."
தெரியாது என்று சொல்ல வாய்வரை வந்தது.
தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.
"சுவத்துல உரிஞ்ச விளம்பரம் ஒண்ணு இருக்கும்லா,
அதோட செவப்பு கண்ணுல படணும்.
அதுவரைக்கும் விடக்கூடாது."
எபநேசர் பேசவில்லை.
பின்னால் யாரோ ஸ்பேனரைக் கீழே போட்டார்கள்.
"அந்தச் சுவத்துக்குப் போன மாசம்
வெள்ளை அடிச்சாச்சு, மக்கா."

ரெட்டியார்பட்டி மலைப் பக்கம் வெளிச்சம் இறங்கியது.
நாற்கரச் சாலையில் மதுரை லாரிகள்.
மைதானத்தில் யாருமில்லை.
சுண்ணாம்புக் கோட்டில் எட்டு பாதி அழிந்து கிடக்க
இரண்டு வட்டமும் முட்டும் இடத்தில்
ஒரு செவலை நாய் படுத்திருந்தது.
முதல் கியர், அரை கிளட்ச்.
கால் ஊன்றினேன்.
திரும்பவும் ஊன்றினேன்.
முதுகை டீச்சர்போல் நிமிர்த்தி வைத்தேன்,
கணக்கர்போல் உதட்டைக் கடித்தேன்.
எத்தனையாவது சுற்றோ,
நாய் எழுந்து
சோம்பல் முறித்து
கொஞ்சம் தள்ளிப் படுத்தது.