தலைப்பெழுத்து

பொறையாறு பேருந்து நிலையத்துக்கு எதிரே
ஜெராக்ஸ், லேமினேஷன், மனு எழுதித் தரப்படும்.
பலகையில் கி. எபநேசர்.
கிறிஸ்டோபர் மகனா என்று கேட்பவர்களிடம்
ஆமாம் என்றுவிடுவேன்.
கிருபாவதி என்று சொன்னால்
அடுத்த கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

ஐப்பசி அடைமழையில் இறையியல் மாணவர் ஒருவர்
உரச்சாக்கில் சுற்றி ஆய்வேடு கொண்டுவந்தார்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், மூன்று பிரதி.
எண்பத்தெட்டில் காகிதம் சிக்கியது.
உருவும்போது கண்ணில் பட்டது:
கர்த்தருக்குத் தகப்பன் யார்.

படிக்கக் கூடாதுதான்.
சூடாக இருந்தது, கையிலேயே இருந்தது.

ரோமாபுரிப் படையில் பந்தேரா என்றொரு வில்லாளி.
சீதோன்காரன்.
நாற்பது ஆண்டு சேவகம், அறுபத்திரண்டில் சாவு.
ஜெர்மனியில் ரயிலுக்கு மண் வெட்டியபோது
கல்லறைக் கல் கிடைத்ததாம்.
அவர் போய் நூற்றைம்பது ஆண்டு கழித்துப்
பகைவர்கள் சொன்ன பெயரும் அதேதானாம்.
அடிக்குறிப்பில் மாணவரே மறுக்கிறார்:
அன்றைய சிப்பாய்களிடம் சாதாரணமாக இருந்த பெயர்.
எங்கள் பக்கம் கலியபெருமாள் மாதிரி.
ஒரு கலியபெருமாளின் கல்லை வைத்துக்கொண்டு
ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் அப்பன் சொல்ல முடியுமா?

கன்னி என்னும் கிரேக்கச் சொல்லை
எழுத்து மாற்றிப் போட்ட கேலி என்று இன்னொரு கட்சி.
அதை உடனே நம்பினேன்.
ஐந்தாம் வகுப்பில் என் ‘கி’யை வைத்து
என்னென்ன சொல் செய்தார்கள் என்று எனக்குத் தெரியும்.
தலைப்பெழுத்து எங்கே என்று அழுதால்
தலையெழுத்து என்பாள் அம்மா.

அடுத்த பக்கத்தில் ஓர் ஊர் எரிந்தது.
அவர் பிறந்த காலத்தை ஒட்டி,
நாசரேத்திலிருந்து நடந்தே போகும் தூரத்துப் பட்டணத்தைப்
படை வந்து கொளுத்தியதாம்.
பெண்களை என்ன செய்தது என்று எழுதாமல்
மாணவர் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.
மூன்று பிரதியிலும் அது தெளிவாக விழுந்தது.

தரங்கம்பாடிக் கோட்டையிலும் சிப்பாய்கள் இருந்தார்கள்.
பூனைக்கண் பிள்ளைகள் இருந்தார்கள்.
அவர்களுக்கு யாரும் ஆய்வேடு எழுதவில்லை.

அப்போதுதான் வேம்பரசி வந்தாள்,
சந்திரபாடியிலிருந்து,
மகனைப் பாதிக் குடைக்குள் இழுத்துக்கொண்டு.
உதவித்தொகை மனு.
தகப்பன் பேரு?
“அந்தக் கட்டத்த வுட்டுடுங்க.”
வுட முடியாதும்மா, கம்ப்யூட்டர் ஏத்துக்காது.
பையன் இயந்திரத்துக்குள் ஓடும் வெளிச்சத்தையே
பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குள் வேறொரு மனு ஓடியது.
பெயர்: இயேசு. ஊர்: நாசரேத்து. தொழில்: தச்சு.
தலைப்பெழுத்து?
‘யோ’ என்றால் யோசேப்பு கையெழுத்துப் போட வேண்டும்.
ஓர் இரவு முழுக்கப் புரண்டு படுத்துவிட்டுப் போட்டிருப்பார்;
அந்த இரவுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.
‘ப’ போட ஆதாரம் போதாது.
சொந்த ஊரில் மரியாளின் மகன் என்றுதான் கூப்பிட்டார்களாம்.
புகழ்ந்து அல்ல.
ம. இயேசு.
(வந்த ஞாயிறு, விசுவாசப் பிரமாணத்தில் அந்த வரி வந்தபோது
என் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.
நின்றுகொண்டுதான் சொன்னேன், கடைசி வரை.)

தகப்பன் கட்டத்தில் வேம்பரசி என்று அடித்தேன்.
சிவப்புக் கோடு விழுந்தது.
அழித்தேன். மறுபடி அடித்தேன்.
தாசில்தாருக்குத் தனி மனு எழுதுவோம் என்றேன்.
கசங்கிய எண்பத்தெட்டாம் பக்கத்தின் பின்புறம்
வெறுமையாக இருந்தது, அதில் எழுதிப் பார்த்தேன்.
உயர்திரு ஐயா அவர்களுக்கு, என் மகன் வே. கடலரசன்,
தாயை மட்டும்
“மட்டும்” வேண்டாம் என்றாள். அடித்துவிட்டேன்.

போகும்போது பலகையை நிமிர்ந்து பார்த்து
“கி-ன்னா?” என்றாள்.
கிருபாவதி.
அடுத்த கேள்வி வரவில்லை.
இருபது ரூபாய்க்கு ஐம்பதை நீட்டினாள்.
சில்லறைக்காகத் தேநீர்க் கடைக்கு
மழையில் ஓடினேன்.