குடம் இல்லாத தரை

தத்துவத்துக்குள் நான் நுழைந்த வாசல்
வடாலாவில் எரிந்துபோன ஒரு கிடங்கு.
அப்போது தீ விபத்துக் காப்பீட்டில் எழுத்தர் வேலை.
முந்நூற்றுப் பதினாறு மூட்டைச் சீரகம்
உள்ளே இருந்தது என்றார் கிடங்குக்காரர் தேடியா.
எரிந்ததால் இல்லையா, எப்போதுமே இல்லையா?
முன்னதற்குத்தான் பணம்.
ஈரச் சாம்பலில் கணுக்கால் புதைய நின்று
மூச்சை இழுத்துப் பார்த்து எழுதினேன்:
சீரக வாசனை இல்லை.

நீதிமன்றத்தில் அவருடைய வக்கீல் கேட்டார்,
இல்லாத வாசனையை
எந்த மூக்கால் முகர்ந்தீர்கள்?
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
வழக்கில் நிறுவனம் ஜெயித்தது.
கேள்வி மட்டும் ஹார்பர் லைனில்
என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

கலினாவில் மாலை வகுப்பு.
முப்பத்து மூன்று வயதில் சமஸ்கிருதம்.
மகளிர் பெட்டியில் கம்பியைப் பிடித்தபடி
வேற்றுமை உருபுகளை முணுமுணுப்பேன்.
பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள்
ஏதும் விரதமா என்று கேட்டாள்.

ஏழு நூற்றாண்டுக்கு முந்தைய தருக்கவாதிகள்
வெறுந்தரையைப் பார்த்துச் சண்டை போட்டிருக்கிறார்கள்:
குடம் இல்லை என்பது
கண்ணால் கண்டதா, கருதிக்கொண்டதா?
முன்னின்மை, அழிவுபாட்டின்மை, என்றுமின்மை.
இல்லாததற்கு இத்தனை அறைகள் கட்டியவர்கள்!
கோப்பு அடுக்கிப் பழகியவள்,
அங்கேயே குடியேறிவிட்டேன்.

வேலையை விட்டு, ஆய்வின் நான்காம் வருடத்தில்
அந்த நிபந்தனைக்கு வந்து சேர்ந்தேன்.
இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற இடத்தில்தான்
தெரியவில்லை என்பது
இல்லை என்றாகும்.
இருட்டறையில் நின்று
குடமில்லை என்று சொல்லக்கூடாது.

தேடியாவுக்கு அடுத்த கிடங்கு டயர்.
மூன்று நாள் எரிந்தது.
அன்று என் மூக்கில்
ரப்பரைத் தவிர எதற்கும் இடமிருந்திருக்காது.

புத்தகத்தை மூடாமல் கீழே இறங்கிப் போய்
மழையில் நின்றேன்.

காப்பீட்டு அலுவலகத்துக்கு எழுதினேன்.
கெடு முடிந்து கோப்பு அழிக்கப்பட்டது என்று பதில்.
தேடியாவின் பழைய முகவரியில்
செல்போன் உறை விற்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை.

இப்போது சயானில் ஒரு கல்லூரி.
காலை ஏழு இருபது வகுப்பு,
பெயர்ப்பட்டியலில் பதினான்கு பேர்.
பத்து. இருக்கிறேன் மேடம்.
பதினொன்று.
பதினொன்று?

பேனாவை மூடிவிட்டு
தூணுக்குப் பின்னால் போய்ப் பார்க்கிறேன்.
இரவெல்லாம் குர்லாவில் பார்சல் பிரித்த ஜுனைத் மோமின்
பெஞ்சில் கன்னம் பதித்துத் தூங்குகிறான்.
வாய் லேசாகத் திறந்திருக்கிறது.

எழுப்பவில்லை.
திரும்பி வந்து
பதினொன்றுக்கு நேரே
இருக்கிறான் என்று குறித்தேன்.