ஏழாவது கிலோமீட்டர்

அந்தோஃபகாஸ்தாவில் மழை பெய்வதில்லை.
பெய்தால் அது செய்தி.
கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனி மட்டும்
மூன்றாம் மாடி ஜன்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப்
பாலைவனத்துக்குப் போய்விடும்.

என் நட்சத்திரத்தின் ஆரம்
ஒன்பது புள்ளி எட்டு கிலோமீட்டர்.
துறைமுகத்தில் கிளம்பினால் வியர்ப்பதற்குள்
பஸ் அதன் விளிம்பில் இறக்கிவிடும்.
அதற்குள் ஒன்றரைச் சூரியனை அடைத்தேன்.
அடைத்ததோடு மின்னூட்டமும் ஏற்றினேன்,
பாவம், தாங்கிக்கொள்ளட்டும் என்று.

ஒரே இன ஊட்டம் ஒன்றையொன்று தள்ளும்.
ஈர்ப்புக்கு எதிராகத் தோள் கொடுக்கும்.
ஆனால் அந்தத் தள்ளலின் ஆற்றலுக்கும் எடை உண்டு.
சுமக்க வந்த ஆளையும்
சுமையோடு சேர்த்தே எழுதவேண்டும்.
பக்கத்து மேசை யாஸ்னா இதைக் கேட்டு
"என் முன்னாள் கணவன்" என்றாள்,
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அழுத்தம் எனக்கு இரண்டு.
மையத்திலிருந்து வெளிநோக்கி ஒன்று,
பக்கவாட்டில் ஒன்று.
நட்டநடுவில் இரண்டும் சமம்.
அங்கே திசைக்கே வேலையில்லை.
விலக விலகத்தான் பேதம்.
விளிம்பில் முதலாவது சுழியமாகியே தீரவேண்டும்.
இரண்டாவதை யாரும் கேட்பதில்லை.
வாசல்வரை வந்துவிட்ட வாக்குவாதம்போல
அது அப்படியே நின்றுகொள்ளலாம்.

வெள்ளி இரவு, பதினொன்று நாற்பது.
ஒலி எவ்வளவு வேகமாய் ஓடுகிறதென்று
அடுக்கடுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒளியை எங்கும் முந்தவில்லை. நல்லது.
ஏழாவது கிலோமீட்டர் தாண்டியதும்
பக்கவாட்டு ஒலி
ஆரத்திசை ஒலியை முந்தியது,
மயிரிழை.
அங்கே என் நட்சத்திரம் விரிசல் விடும்.

அப்போதுதான் மேசை நகர்ந்தது.
மேலும் கீழுமாக இல்லை, பக்கவாட்டில்.
காபிக் கோப்பை விளிம்புவரை போய் யோசித்தது.
"ஐந்தரை இருக்கும்" என்றாள் யாஸ்னா,
காலால் செருப்பைத் துழாவியபடி.

கீழே காவலாளி எர்மோஹெனஸ்
ரேடியோவை மட்டும் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தார்.
ஆட்டம் முடிய இன்னும் ஆறு நிமிடம்.
செப்புத் தகடு ஏற்றிய சரக்கு ரயில்
தூரத்தில் நின்றது,
பெருமூச்சு விட்டது, கிளம்பியது.
யாரும் அலறவில்லை.
காலுக்கடியில் ஒரு கண்டம்
கடலை விழுங்கிக்கொண்டிருக்கிறது.
மூன்று வரிச் சமன்பாட்டுக்குள்
யாரும் அதை இதுவரை அடக்கவில்லை.

திரும்பி வந்தால் சுவரில்
ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு
இரண்டு விரல் நீண்டிருந்தது.
யாஸ்னா அதன் நுனியில்
பென்சிலால் தேதி எழுதினாள்.
ஏற்கெனவே அங்கே நான்கு தேதிகள்.
இரண்டின் கையெழுத்து
எங்கள் இருவருடையதும் அல்ல.

ஊட்டத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும்,
வளைகோடு பணிந்துவிடும்,
படம் அழகாக வரும்.
வெளியே நிற்பவனுக்கு எப்படியும்
நிறையும் ஊட்டமும் மட்டுமே தெரியும்.
உள்ளே எது எதை நெருக்குகிறதென்று
அவன் கேட்டாலும்
வெளி வளைந்து பதில் சொல்லாது.

ஒன்றே கால் மணிக்கு
கட்டுரையின் கடைசிப் பத்தியில் எழுதினேன்:
ஏழாவது கிலோமீட்டருக்கு அப்பால்
இந்த மாதிரி நிலையற்றது.
"நிலையற்றதாக இருக்கலாம்" என்று மாற்றினேன்.
மாற்றியதை அழித்தேன்.

காலையில் மூடுபனி ஏறி வந்தது.
இந்த முறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போகவில்லை.
சட்டம் கோணிய ஜன்னல்
முழுதாக மூடவில்லை.